மாமா மூன்று முறை தலையாட்டினார்

என் பெயர் ராஜ்கமல். வயது இருபத்தேழு. சொந்த ஊர் போடிநாயக்கனூர். சோலி பார்ப்பது மலைக்கு மேலே, போடிமெட்டைத் தாண்டிப் பூப்பாறைப் பக்கம் ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில், பச்சைக்காயை உலர்த்தும் ஸ்டோரில். இப்போது இருப்பது மதுரையில் ஓர் ஆஸ்பத்திரி, இரண்டாவது மாடி, ஜன்னலோரக் கட்டில். நேற்று ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடத் தரவில்லை. எதிர் மொட்டை மாடியில் யாரோ வடகம் காயப் போட்டிருக்கிறார்கள். அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். மற்றபடி எனக்கு ஒரு குறையும் இல்லை.

வலது கையில் ஊசி செருகிக் கட்டியிருப்பதால் நான் பேசப் பேசப் போன் எழுதிக்கொள்கிறது. நம் ஊர்ப் பேச்சு அதற்குச் சரியாகப் புரியவில்லை. அதனால் செய்தி வாசிக்கிறவர் மாதிரி பேசுகிறேன். யாராவது சொன்னதைச் சொல்லும்போது மட்டும் அவர்கள் சொன்னபடியே சொல்வேன்; போன் என்ன எழுதுகிறதோ எழுதட்டும். இது நம் குடும்பக் குரூப்புக்கு. அம்மாவுக்கு யாராவது மெதுவாகப் படித்துக் காட்டுங்கள்.

கொஞ்ச நேரத்தில் எனக்குத் தொண்டையில் ஆபரேசன். குறட்டைக்கு. மொக்கச்சாமி மாமாவுக்குச் செய்த அதே ஆபரேசன், அதே டாக்டர். மயக்க ஊசி போட்டால் மனசில் இருப்பதெல்லாம் வாய்க்கு வந்துவிடும் என்று ஒருவர் சொன்னார். முன்பின் தெரியாத ஆட்கள் நடுவில் உளறுவதைவிட நாமே நிதானமாகச் சொல்லிவிடுவது நல்லது. அதோடு, நீங்கள் இதைப் படித்துவிட்டுத் திட்ட வரும்போது நான் தொண்டை வலியோடு படுத்திருப்பேன். வலியில் கிடப்பவனை யாரும் திட்ட மாட்டார்கள். அதையும் யோசித்துத்தான் இன்றைக்குச் சொல்கிறேன்.

வெளியூர் உறவுகளுக்காக மாமாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர் என் அம்மா அய்யம்மாளுக்கு நேர் தம்பி. காலையில் எஸ்டேட் வேலைக்குப் போகும் பெண்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மலை ஏறுவார். சாயங்காலம் போடியில் கொண்டுவந்து இறக்குவார். அத்தை தவறிப் பல வருசம் ஆகிறது. ஒரே மகள் பொற்கொடி, மதுரையில் இதே ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாமாவுக்குக் குரல் பெரிது. கொண்டை ஊசி வளைவில் ஹாரன் அடிக்க மாட்டார். தலையை வெளியே நீட்டி ஒரு சத்தம் போடுவார், எதிரே வருகிற லாரி ஒதுங்கி நிற்கும். முழித்திருக்கும்போதே இப்படி என்றால் தூங்கும்போது எப்படி இருக்கும். தங்கள் வீட்டுச் சுவர்க்கடிகாரத்துக்குச் சத்தம் உண்டு என்பதைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாமா வெளியூர் போன நாளில்தான் தெரிந்துகொண்டார்கள்.

குறட்டை மட்டும் என்றால் பரவாயில்லை. நடுவில் மூச்சு நின்றுவிடும். வீடே அமைதியாகும். கிணற்றில் முங்கியவன் மேலே வருகிற மாதிரி ஒரு சத்தத்தோடு மறுபடி தொடங்கும். ராத்திரி முழுக்க இப்படி என்றால் பகலில் கண் சொக்காமல் என்ன செய்யும். எஸ்டேட் வேலைக்குப் போகும் ராக்கு அக்கா ஜீப்பில் அவருக்குப் பின் சீட்டில் குடையோடு உட்காருவது மழைக்காக அல்ல. ஒவ்வொரு வளைவிலும் குடைக்கம்பியால் அவர் முதுகில் குத்தும். "அண்ணே, முழிச்சிருக்கியா, இல்ல எங்களயெல்லாம் மேலோகத்துக்கு லோடு அடிக்கிறியா?" என்று கேட்கும். மாமா, "முழிச்சுத்தான் இருக்கேன் ஆத்தா" என்பார். கண் மூடியே இருக்கும்.

ஆகவே அவருக்கு வைத்தியம் தேவைப்பட்டது. இதை முதலில் எல்லாரும் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். நான் நல்ல எண்ணத்தில்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். நல்ல எண்ணத்தோடு இன்னொன்றும் இருந்தது, அவ்வளவுதான்.

நம் வகையறாவில் மாமன் மகளை முறை கேட்பது எப்படி என்று பெரியவர்களுக்குத் தெரியும். சின்னப் பிள்ளைகளும் குரூப்பில் இருப்பதால் சொல்கிறேன். பையன் வீட்டார் தட்டோடு போக வேண்டும். சபை கூடும். பெண்ணைப் பெற்றவரிடம் பெரியவர் மூன்று தடவை சம்மதம் கேட்பார். ஒவ்வொரு தடவையும் அவர் பையன் கையால் ஒரு மடக்குப் பானகம் குடித்துவிட்டு உடனே பதில் சொல்ல வேண்டும். இல்லை என்று அவர் சொன்னால் யாரும் கோபிக்கக் கூடாது. தட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும். சம்மதம் என்றாகிவிட்டால் பெண் வீட்டார் பின்வாங்க முடியாது. பையனே இன்னொரு சபையில், அதே மாதிரி மூன்று மடக்குப் பானகம் குடித்து, பெண்ணை விட்டுக்கொடுத்தால்தான் உண்டு.

பதிலை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது வழக்கம். வாய் வராதவர்களுக்குத் தலையசைப்பு போதும். நம் சபைப் பெரியவர் காசிமாயன் தாத்தாவின் அண்ணனுக்குப் பிறவியிலேயே பேச்சு வராது. அவர் தன் மூன்று பெண்களையும் தலையாட்டித்தான் கட்டிக்கொடுத்தார். சின்ன வயதில் அந்தக் கதையை நான் சும்மா கேட்டுக்கொண்டிருந்தேன். எந்தக் கதை எப்போது உதவும் என்று யாருக்குத் தெரியும்.

பொற்கொடியை எனக்குக் கேட்க அம்மா ஏற்பாடு செய்த சமயம், ஒரு நாள் மாமா என்னை மட்டும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போனார். பாதி வழியில் சொன்னார்:

"மாப்ளே, மனசுல ஒண்ணும் வச்சுக்காத. பிள்ளைக்கு இதுல இஷ்டமில்ல. சபையில நான் இல்லேன்னு சொல்லிருவேன்."

"அம்மாகிட்ட முன்னாலயே சொல்லிரலாமே மாமா."

"யாரு, எங்க அக்காகிட்டயா? எங்க வீட்டு வாசல்ல பாயப் போட்டு உக்காந்துரும். சபையின்னா அதுவும் வாயத் தொறக்க முடியாதுல்ல. நீ நல்ல பய. ஒனக்கென்ன, ஆயிரம் பொண்ணு வரும்."

எஸ்டேட் வரிசைக் குடியிருப்பான லயத்தில் என் அறைப் பக்கம் ஒரு பூனைகூட வந்து எட்டிப் பார்த்ததில்லை என்று நான் அவரிடம் சொல்லவில்லை. இஷ்டமில்லை என்ற சொல் என்னைப் பெரிதாகத் தைக்கவும் இல்லை. அது பொற்கொடியின் அன்றைய மனநிலை, மனநிலை மாறும். எனக்குப் பட்டது வேறு. சபையில் இல்லை என்று சொல்ல மாமாவுக்கு ஒரு வாய் தேவைப்படும்.

அடுத்த வளைவிலேயே அவருக்குக் கண் சொக்கியது. ராக்கு அக்கா இல்லை, குடையும் இல்லை. நான்தான் ஸ்டீயரிங்கைப் பிடித்துத் திருப்பினேன். அன்றைக்கு நான் பிடிக்காவிட்டால் மாமாவே இல்லை. இதையும் யாரும் மறக்கக் கூடாது.

மதுரையில் உடம்பெல்லாம் ஒயர் ஒட்டித் தூங்க வைத்துச் சோதித்தார்கள். டாக்டர் நல்ல மனிதர். மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்குகிற மெஷின் ஒன்று இருக்கிறது, முதலில் அதைப் போட்டுப் பார்க்கலாம், கத்தி வைப்பது பிறகு என்றார். மாமாவும் சரி என்றுதான் சொன்னார். வெளியே வந்ததும், "யானத் தும்பிக்க மாதிரி இருக்கும் மாமா. கரண்டு போனா மூச்சும் போயிரும்" என்று நான் சொன்னேன். மாமாவுக்கு யானை என்றால் ஆகாது. தேவாரம் ஊர்ப் பக்கம் அவர் போட்டிருந்த வாழையை ஒரு யானை மிதித்த நாளிலிருந்து அப்படி. "அப்ப அறுத்தே விட்ருவோம் மாப்ளே" என்றார்.

டாக்டரிடம் நான் தனியாக ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "எந்தச் சமயத்துல சார் வலி சாஸ்தியா இருக்கும்?" ஒரு வாரம் கழித்துத் தொண்டையில் பொருக்கு உதிரும், அப்போது முதல் நாளைவிட மோசமாக வலிக்கும் என்றார். புளிப்பு, காரம், சூடு எதுவும் ஆகாது என்றும் சொன்னார். "இப்படி அக்கறையா ஒரு மருமகன் கிடைக்க உங்க மாமா கொடுத்து வச்சிருக்கணும்" என்றார். நான் அம்மாவுக்குப் போன் போட்டு, ஆபரேசன் முடிந்த அடுத்த வாரத்தில் சபை கூட நல்ல நாள் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். இருந்தது.

மாமாவின் உள்நாக்கை எடுத்து, அண்ணத்தை ஒட்டத் தைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கோடையில் காய் எடுப்பு இல்லாததால் எனக்கு லீவு சுலபமாகக் கிடைத்தது. பொற்கொடிக்குக் கிடைக்கவில்லை. ஆகவே போடியில் மாமாவை நான்தான் பார்த்துக்கொண்டேன். ஒரு குறையும் வைக்கவில்லை. தலைக்கு மூன்று தலையணை வைத்துச் சாய்த்துப் படுக்க வைத்தேன். கஞ்சியை ஆற வைத்து, வடிகட்டி, மறுபடியும் ஆற வைத்துக் கொடுத்தேன். ஐஸ்கிரீமை நான் ஊட்ட, அந்தப் பெரிய மனிதர் வாயைத் திறக்கவே பயந்துபோய்ச் சின்னப் பிள்ளை மாதிரி உதட்டை நீட்டுவார். முதல் நாள் குடித்த பால் மூக்கு வழியாக வெளியே வந்தது. நான்தான் மூக்கில் ஊற்றிவிட்டேன் என்பது போல ஒரு பார்வை பார்த்தார். புண் தொண்டையில், வலி காதில். இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பார். பார்க்க வந்தவர்கள் தோப்புக்கரணம் போடப் போகிறார் என்று நினைத்தார்கள். ஏதாவது வேண்டுமென்றால் கரண்டியால் டம்ளரைத் தட்டுவார். மலையையே அதட்டிய குரல் அந்த ஒரு டம்ளருக்குள் அடங்கிப்போனது.

பக்கத்திலேயே இருந்ததால் நான் ஒன்றைக் கவனித்தேன். எதை விழுங்கினாலும் மாமா கண்ணை இறுக்கி மூடுவார், மோவாய் கீழே இறங்கும். பாலுக்குக் கொஞ்சம் இறங்கும். கஞ்சிக்கு இன்னும் கொஞ்சம். ஒரு நாள் இளநீரில் ஒரே ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுக் கொடுத்தேன். மோவாய் நெஞ்சைத் தொட்டது. மாமா டம்ளரை மோந்து பார்த்தார். "இளநி லேசாப் புளிச்சிருச்சு போல மாமா" என்றேன். அந்தச் சோதனையை மறுபடி செய்யவில்லை. நான் கொடூரமானவன் இல்லை.

பொற்கொடி போன் பண்ணினாள். "மச்சான், அப்பாவால பேச முடியாது. தட்டு மாத்துறதத் தள்ளி வைக்கச் சொல்லுங்க."

"தள்ளியாச்சு. நீ டூட்டியப் பாரு" என்றேன்.

அதை முழுப் பொய் என்று சொல்ல முடியாது. அவளோடு பேசிக்கொண்டிருந்த நேரத்தில் தள்ளி வைக்கலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. போனை வைத்ததும் தோன்றவில்லை.

அந்த நாள் காலையில் மாமாவுக்குக் கொடுக்க வேண்டிய வலி மருந்தைச் சபை முடிந்த பிறகு கொடுத்துக்கொள்ளலாம் என்று எடுத்து வைத்தேன். அது தூக்கம் வர வைக்கும். சபையில் பெண்ணைப் பெற்றவர் தூங்கி வழிந்தால் யாருக்கு மரியாதை. பானகத்தை நானே கரைத்தேன். வெல்லம், சுக்கு, எலுமிச்சை, எங்கள் ஸ்டோரில் பொறுக்கிய நல்ல பருத்த ஏலக்காய். சபைக்கு ஒரு குடம். மாமாவுக்கு மட்டும் தனி டம்ளர். அதில் சுக்கும் எலுமிச்சையும் கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

அன்று வந்திருந்தவர்களுக்கு நடந்தது தெரியும். ஆனால் என்ன நடந்தது என்று தெரியாது.

காசிமாயன் தாத்தா, "ஏப்பா மொக்கா, ஆபரேசனாமே. ஒண்ணும் பேச வேணாம். தலைய ஆட்டு, போதும். அய்யம்மா மகனுக்கு ஒம் மகளக் குடுக்கச் சம்மதமா?" என்றார். மாமா தயாராகத்தான் உட்கார்ந்திருந்தார். தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவதற்காகக் கழுத்தை நிமிர்த்தி வைத்திருந்தது எனக்குத் தெரிந்தது. நான் டம்ளரை அவர் வாயில் வைத்தேன். ஒரு மடக்கு இறங்கியது. கண் மூடியது. மோவாய் நெஞ்சில் இடித்தது. "ஒண்ணு" என்றார் தாத்தா.

அதற்குப் பிறகுதான் மாமா தலையைப் பக்கவாட்டில் ஆட்டினார். "புரையேறிருச்சு தாத்தா" என்று நான் முதுகைத் தடவினேன். இரண்டாவது மடக்கு. இந்தத் தடவை தலையோடு இடுப்பும் சேர்ந்து வளைந்தது. மாமாவுக்குக் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அம்மாவும் அழுதுவிட்டது. "பெத்த மனசு, தாய் இல்லாத பிள்ளையக் குடுக்குதுல்ல" என்று யாரோ சொன்னார்கள். மாமா கையை வேகமாக ஆட்டினார். பானகம் போதும் என்கிறார் என்று நான் விளக்கினேன். விரலைச் சேர்த்து எழுதிக் காட்டினார். "குனிஞ்சு எழுதக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு" என்றேன். "எழுத்து எதுக்கப்பா, சபை பாத்துக்கிட்டுத்தான இருக்கு" என்றார் தாத்தா.

மூன்றாவது மடக்கை மாமா வாங்க மறுத்தார். பாதி சொன்ன சம்மதம் குடும்பத்துக்கு ஆகாது என்று அம்மா பதறியது. நான் அவர் மோவாயைத் தாங்கிப் பிடித்து, மிச்சத்தை ஊற்றிவிட்டுக் கையை எடுத்தேன். தலை தானாக விழுந்தது. பெண்கள் குலவை போட்டார்கள்.

சபை கலைந்ததும் முதல் வேலையாக மருந்தைக் கொடுத்தேன். மாமா தூங்கினார். குறட்டை இல்லை. மூச்சு ஒரே சீராக வந்தது. இத்தனை வருசத்தில் அப்படி ஒரு அமைதியான முகத்தோடு அவர் தூங்கி நான் பார்த்ததில்லை. நான் செய்தது சரிதான் என்பது அந்த முகத்தைப் பார்த்தபோது உறுதியாயிற்று.

ஆகவே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மாமாவுக்குச் சம்மதம் இல்லை. பொற்கொடிக்குச் சம்மதம் இல்லை. மெஷினோடு போயிருக்க வேண்டியவரைக் கத்திக்கு அனுப்பியது நான். மருந்தை நிறுத்தியது நான். அந்த மூன்று தலையாட்டலும் மாமாவின் கழுத்தில் நடந்தாலும் அவை என்னுடையவை.

ஆனால் இதனால் யார் கெட்டுப்போனார்கள் என்று யோசித்துப் பாருங்கள். வலி தீர்ந்ததும் மாமா ஜீப் எடுத்தார். இப்போது வளைவுகளில் முழித்திருக்கிறார். ராக்கு அக்கா குடையை மழைக்கு மட்டும் பிடிக்கிறது. குரல் திரும்பி வந்தபோது கொஞ்சம் மூக்கால் பேசினார். என்னைப் பார்த்து அவர் பேசிய முதல் பேச்சு, "மாப்ளே, பானகத்துல எலுமிச்சம்பழம் சாஸ்தி" என்பதுதான். வேறு ஒரு வார்த்தை திட்டவில்லை.

பொற்கொடியும் திட்டவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். ஒரு வாரம் பேசாமல் இருந்தாள். பிறகு அவளே போன் பண்ணினாள். "நடந்தது நடந்து போச்சு மச்சான். எனக்கு நைட் டூட்டி, பகல்லதான் தூக்கம். நீங்க எங்கப்பாவுக்கு மேல கொறட்ட விடுவீங்களாமே. அந்த ஆபரேசன நீங்களும் பண்ணிக்கிட்டா என்ன?"

என் குறட்டை உண்மைதான். லயத்தில் என்னோடு இருக்கிற முத்துக்கண்ணன் பாயைச் சுருட்டிக்கொண்டு விறகுக் கொட்டகைக்குப் போய் மூன்று மாதம் ஆகிறது. மலையாளி சூப்பர்வைசர், "எந்தொரு கூர்க்கம்வலியாடா" என்று, அதாவது என்ன குறட்டையடா இது என்று, கையெடுத்துக் கும்பிடுவார். அம்மா வழிச் சொத்தாக எனக்கு வந்தது இந்த அண்ணம் ஒன்றுதான். பிடிக்காதவனின் குறட்டையைப் பற்றி ஒரு பெண் கவலைப்படுவாளா. ஒரே வீட்டில் தூங்கப் போகிறவள்தான் கவலைப்படுவாள். நான் அன்றைக்கே சரி என்றேன்.

டாக்டர் எனக்கும் மெஷினைத்தான் முதலில் சொன்னார். வெளியே வந்ததும் பொற்கொடி, "யானத் தும்பிக்க மாதிரி இருக்கும் மச்சான்" என்றாள். மாமாவிடம் மட்டும் நான் சொன்ன வார்த்தை அது. அப்பாவும் மகளும் எவ்வளவு ஒட்டு பாருங்கள்.

மயக்கத்தில் எல்லாம் வாய்க்கு வந்துவிடும் என்று சொன்னதும் அவள்தான். "எத்தனை பேரப் பாத்திருக்கேன். முன்னாலயே குரூப்புல சொல்லிருங்க மச்சான், மனசு லேசாகிரும்" என்றாள். எனக்கு ஊசி என்றாலே பயம். காலையிலிருந்து மூன்று தடவை வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "எழுதியாச்சா, எழுதியாச்சா" என்று கேட்டுவிட்டுப் போகிறாள்.

ஆபரேசன் முடிந்து நான் போடியில் மாமா வீட்டில்தான் இருக்கப் போகிறேன். "நீ என்னையப் பாத்துக்கிட்ட மாதிரியே நான் ஒன்னையப் பாத்துக்கிறேன் மாப்ளே" என்று மாமா சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த வாரம் காசிமாயன் தாத்தா தலைமையில் சபை கூடுகிறது. எதற்கு என்று கேட்டேன். "எல்லாத்தையும் பேசி முடிக்கத்தான்" என்றாள் பொற்கொடி. கல்யாணத் தேதியாக இருக்கும். மாப்பிள்ளைக்கு வாய் வராவிட்டால் தலையசைப்பு போதுமா என்றுகூட அவள் தாத்தாவிடம் போன் போட்டு விசாரித்தாளாம், அம்மா சொன்னது. நம் வழக்கங்கள் மேல் அவளுக்கு இவ்வளவு பற்று வந்துவிட்டதில் எனக்கு நிம்மதி. அன்றைக்குப் பானகம் அவள் கையால் கரைக்கிறாளாம். மாமாவிடம் பக்குவம் கேட்டுக்கொண்டாளாம்.

ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது. பொற்கொடிதான் தள்ளிக்கொண்டு வருகிறாள். சிரிக்கிறாள்.

இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும் எனக்கு ஓர் உதவி செய்யுங்கள். எனக்கென்று தனி டம்ளர் எடுத்து வைத்திருந்தால், அதில் எலுமிச்சம்பழத்தை மட்டும் கொஞ்சம் குறைத்துப் பிழியச் சொல்லுங்கள்.